கழுகு முத்திரைக் காப்பு

எதெல்வினா ஒரு நகையைக் கையில் வாங்கினால் முகப்பைப் பார்க்கமாட்டாள். திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பாள். மெக்சிகோவின் தாஸ்கோ ஊர் வெள்ளிச் சந்தையில் முப்பது வருடமாகக் கடை போட்டிருப்பவள்.

வெள்ளித் திருவிழாக் கண்காட்சிக்கு நகைகளைத் துடைத்து அடுக்க அந்த வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைநகரிலிருந்து வந்த உர்ரூத்தியா என்பவர் பச்சைக்கல் பதித்த அகலமான வெள்ளிக் காப்பு ஒன்றைக் கொடுத்திருந்தார். பக்கத்தில் அட்டை: 'ஜேட் கல். செய்தவர்: டான் அன்செல்மோ.' ஊரே 'டான்' என்று மரியாதையாகக் கூப்பிட்ட பழைய பட்டறை முதலாளி அவர்.

எதெல்வினா காப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கல்லின் கீறல்களில் மட்டும் பச்சை திட்டுத்திட்டாகத் தேங்கியிருந்தது.

"இது ஜேட் இல்லீங்க. சாயம் ஏத்தின ஓனிக்ஸ். நம்ம பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லு."

பக்கத்தில் நின்ற உர்ரூத்தியா சிரித்தார். "நீங்க துடைக்கிற வேலையப் பாருங்கம்மா."

"துடைச்சதாலதான் தெரிஞ்சுது. பின்பக்கம் ஊசியால ஒரு கோடு போடட்டுமா?"

"பத்துக் கோடு போடுங்க. ஜேட்ல ஊசி இறங்காது."

ஊசி இறங்கியது. கோட்டிலிருந்து வெள்ளை மாவு உதிர்ந்தது. கண்காட்சிப் பொறுப்பாளர் மாத்தில்தே மேசையில், அந்த ஊரில் வியாழன்தோறும் சமைக்கும் போசோலே என்ற சோளச் சூப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சைத் துண்டை எடுத்து எதெல்வினா மாவின் மேல் ஒரு சொட்டுப் பிழிந்தாள். பொடிப்பொடியாக நுரைத்தது.

"ஜேட் நுரைக்காது" என்றாள்.

உர்ரூத்தியாவின் முகம் சிவந்தது. "சரி, கல்லு போகட்டும். வெள்ளிக்கு அரசாங்கம் குத்துற கழுகு முத்திரையும் எண்ணும் இருக்கே? அன்செல்மோ பட்டறை எண்தானே அது?"

"பட்டறை அவரோடதுதான். அங்க பதினாலு பேர் வேலை பார்த்தாங்க. கை யாரோடது? அரம் ஓடின தடம் எதிர்ப்பக்கமா சாயுது பாருங்க. கீல் ஆணியும் எதிர்ப்பக்கத்திலேர்ந்து அடிச்சிருக்கு. இடதுகைக்காரன் வேலை. அங்க இடதுகைக்காரன் ஒரே ஒருத்தன்தான்."

"பேரு?"

பதினோரு வருடமாக அவள் வாயில் வராத பெயர்.

"எலாதியோ."

மாத்தில்தேயின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "உன் புருஷனா?"

"புருஷனா இருந்தவன். அதுக்காகத் தெரிஞ்சத மறைச்சா, நான் கல்லப் பத்திச் சொன்னதையும் யாரும் நம்ப வேண்டாம். ஆளக் கூப்பிடு."

கால் மணி நேரத்தில் வெள்ளை ஃபோக்ஸ்வாகன் டாக்சி ஒன்று செங்குத்துச் சந்தில் இறங்கி வந்தது. அதிலிருந்து இறங்கிய எலாதியோ எதெல்வினாவைப் பார்க்காமல் காப்பை மட்டும் பார்த்தான்.

"என்னோடதில்ல. இவ்ளோ நேர்த்தியா நான் எங்க செஞ்சேன்? மாத்தில்தே, அந்தம்மாகிட்டச் சொல்லிடு."

"அந்தம்மா இங்கதான் நிக்கிறேன்" என்றாள் எதெல்வினா. "எலாதியோ, கொக்கியத் திற. யோசிக்காதே, திற."

அவன் வாங்கினான். இடது கட்டைவிரல் தானாக அடியிலிருந்த ஒரு சிறு பள்ளத்தைத் தேடிப் போனது. 'டிக்'கென்று திறந்துகொண்டது. உர்ரூத்தியா வாங்கி மூடிவிட்டுத் தன் வலது கையால் இரண்டுமுறை முயன்றார். அசையவில்லை.

எலாதியோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அடக் கடவுளே... அந்தக் கொக்கியா? அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. 'உன்னத் தவிர எவன்டா இதத் திறப்பான்'னு டான் அன்செல்மோ விரட்டி விரட்டித் திட்டினாரு."

உர்ரூத்தியா பழைய அட்டையைத் தானே எடுத்துக் கிழித்தார்.

"உங்க முழுப்பேரு சொல்லுங்க ஐயா."

நாற்பது வருடத் தொழிலில் இப்படி யாரும் அவனைக் கேட்டதில்லை. எழுந்து நின்று சொன்னான். மாத்தில்தே புது அட்டையில் எழுதினாள்: 'சாயமேற்றிய ஓனிக்ஸ். அன்செல்மோ பட்டறையில் செய்தவர்: எலாதியோ பாஸ்துரானா.'

எதெல்வினா தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். எலாதியோ பின்னாலேயே வந்தான்.

"இத்தன வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவ, என் அரத் தடத்த மட்டும் மறக்கலியா?"

"உன்மேல கோவம் வேற, உன் வேலை வேற."

"அந்தக் கோவம்...?"

"அப்படியே இருக்கு. முதல்ல ஒரு போசோலே வாங்கிக் குடு. பசிக்குது."

அவன் சிரித்தபடி, மூலைக் கடையில் ஒரு மேசையைப் பிடிக்க முன்னால் ஓடினான்.