திருப்பாத சிப்பாய்

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் நர்மதா நாற்பது காய்களையும் செய்திருந்தாள். எல்லாம் ஐங்கோணம், எல்லாம் ஒரே நிறம். சிலவற்றின் ஓரத்தில் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. முன்பக்கம் கறுப்பு எழுத்து, திருப்பினால் சிவப்பு. கூர்முனை எதிராளியைப் பார்த்தால் அது நம் காய்.

“நீ ஜெயிச்சா அப்பாகிட்ட நான் பேசறேன். தோத்தா ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி வாயத் தொறக்காம காபித் தட்டத் தூக்கிட்டு வரோணும்” என்றான் மோகன்குமார். அவள் அண்ணன். கல்லூரியில் மாவட்ட அளவில் சதுரங்கம் ஆடியவன். இப்போது அப்பாவோடு போர் போடும் ரிக் வண்டியைப் பார்த்துக்கொள்கிறான். ஜப்பானில் நகோயாவில் கிடைத்த ஆய்வுக்கூட வேலைக்குத் திங்கட்கிழமைக்குள் அவள் பதில் எழுத வேண்டும். அப்பா அவன் பேச்சைத்தான் கேட்பார்.

“சரிண்ணா.”

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் விதிகளை ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நடந்த ஜப்பானிய மொழி வகுப்பில் கற்றிருந்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“வெட்டுன காய் வெளிய போயராது. வெட்டுனவங்க கைக்கு வந்துரும். வேணுங்கறப்ப காலிக் கட்டத்துல எறக்கிக்கலாம்.”

“அட, நம்ம டிரைவருங்க மாதிரி. இன்னைக்கு நம்ம வண்டி, நாளைக்கு எதுத்த ஊட்டுக்காரன் வண்டி.”

“சிப்பாய் நேராப் போவும், நேராத்தான் வெட்டும். எதிராளியோட மூணு வரிசைக்குள்ள போனா திருப்பிப் போடலாம், தங்கம்ங்கற பெரிய காய் மாதிரி ஆயிரும். அப்பறம், திருப்பாத நம்ம சிப்பாய் நிக்கற நேர்க்கோட்டுல இன்னொரு சிப்பாய எறக்கக் கூடாது. எறக்குனா அந்த நிமிசமே தோல்வி.”

அதைச் சொல்லும்போது அவனுக்கு போன் வந்தது. “எத்தன அடி போயிருக்கு? தண்ணி காட்டுச்சா?” என்று கேட்டபடியே அவளுக்குத் தலையாட்டினான். காதில் விழுந்ததா என்று அவள் கேட்கவில்லை.

காகிதக் காய்கள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். முதலில் அவன் சிப்பாயைக் குறுக்கே நகர்த்தி வெட்டப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அவளிடம் வெட்டிய காய்களையே அவள் ராஜாவைச் சுற்றி இறக்கினான். ஒரு சிப்பாயை அவனுடைய மூன்றாம் வரிசைக்குள் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து அம்மா இரண்டு சேலைகளோடு வந்து நின்றாள்.

“பச்சையா, அரக்கா சாமி?”

“எதோ ஒண்ணும்மா” என்று நர்மதா காயிலிருந்து கையை எடுத்தாள்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள். அந்தச் சிப்பாய்க்குக் காவலாக, அதன் பின்னாலேயே கையிலிருந்த இன்னொரு சிப்பாயை இறக்கினாள். விரலை எடுத்த பிறகுதான் பார்த்தாள். முன்னால் கறுப்பு எழுத்து, பின்னால் கறுப்பு எழுத்து. முன்னால் நின்றதைத் திருப்பவே இல்லை.

வகுப்பாக இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் விரல் அதே நேர்க்கோட்டில் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போய் நின்றது. அவள் கழுத்தில் வேர்வை இறங்கியது. துடைக்கவில்லை.

“அடுத்து கையில இருக்கற தங்கத்த என் ராஜாவுக்கு நேர் முன்னால எறக்கப் போற” என்றான். “எப்படித் தடுத்தாலும் ஒண்ணும் ஆவாது. தோத்துட்டேன் புள்ள. பொழச்சுப் போ.”

“அண்ணா...”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்துவிட்டான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பா ரிக் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்தார். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததால் பேச்சு கேட்கவில்லை. அண்ணன் கையை விரித்து ஏதோ சொன்னான். அப்பா கழிவுத் துணியில் ஒவ்வொரு விரலாகக் கிரீஸைத் துடைத்தார். பிறகு வீட்டைப் பார்த்தார்.

கம்ப்ரசர் நின்றது.

“நர்மதா, இங்க வா சாமி.”

முன்னால் இருந்த சிப்பாயின் மஞ்சள் ஓரத்துக்கு அடியில் அவள் நகம் போயிருந்தது. காய் பாதி எழுந்து, கறுப்பும் தெரியாமல் சிவப்பும் தெரியாமல், விளிம்பில் நின்றது.