தொப்புள்கொடி ரத்தத்தில் ஓர் எண்

மகப்பேறு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தமும் அவள் கைக்குத்தான் வரும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் அதில் எவ்வளவு என்று பார்ப்பாள். எண் எகிறியிருந்தால் குழந்தையின் தைராய்டு மந்தம் என்று சந்தேகம். உடனே மாத்திரை தொடங்காவிட்டால் உடம்பும் மூளையும் வளர்ச்சியில் பின்தங்கிவிடும்.

திங்கட்கிழமை காலை வந்த முடிவுகளில் ஒன்று நூற்றைத் தாண்டியிருந்தது. தையல்காரம்மா ஒருத்தியின் மகன், சனிக்கிழமை பிறந்தவன். மருத்துவருக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தவள் அந்தக் குழாயைப் பார்த்தாள். பாதிகூட நிறையவில்லை.

பேனா நின்றுவிட்டது.

சனிக்கிழமை அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பிரசவம். ஒன்று தையல்காரம்மாவுக்கு, இன்னொன்று இவளுடைய சொந்த நாத்தனாருக்கு. "கொடி ரொம்ப ஒல்லி, இவ்வளவுதான் வந்துச்சு" என்று நர்ஸ் அரைக் குழாயை நீட்டியது நாத்தனாரின் அறையிலிருந்து. அவன் தங்கைக்குப் பெண் பிறந்த சேதியைக் கணவனுக்குப் போனில் சொல்லிக்கொண்டே, இரண்டு குழாய்களுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியது இவள்.

நாத்தனார் பெயர் இருந்த குழாயை எடுத்தாள். கழுத்துவரை ரத்தம்.

நாத்தனார் குழந்தையை வேறெங்காவது கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டால் வேலை தப்பும். அந்த எண்ணம் வந்ததற்கே அவளுக்கு உடம்பு கூசியது. வார்டுக்குப் போன் செய்தாள்.

"உங்க நாத்தனாரா? இப்பதான் கிளம்பினாங்க."

மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் ஓடி இறங்கினாள். வாசலில் கார் நின்றது. நாத்தனாரின் கணவர் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, வழியனுப்ப இவ்வளவு ஓட்டமா?"

"கிளம்பாதீங்க. பாப்பாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்."

"எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாச்சே!"

"சீட்டை நான் மாத்தி ஒட்டிட்டேன்னு நினைக்கிறேன்."

அவர் முகம் சுருங்கியது. பின் இருக்கையில் நாத்தனார் குழந்தையை நெஞ்சோடு அணைத்தாள்.

"அண்ணி, விளையாடாதீங்க. பாருங்க, எவ்வளவு அமைதியா தூங்குறா."

"பாலுக்கு அவளா எழுந்துக்கிறாளா?"

"இல்ல... நாங்கதான் எழுப்புறோம்." சொல்லும்போதே நாத்தனாரின் குரல் தேய்ந்துவிட்டது.

மருத்துவரின் முன்னால் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரெண்டு குழந்தைக்கும் எடுக்கச் சொல்றேன். நீங்க தொட வேண்டாம்."

தையல்காரம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். "என் புள்ளைக்கு என்னங்க?" என்று கேட்டவளுக்கு, "இன்னும் தெரியலம்மா, தப்பு என்னோடது" என்று மட்டுமே பதில் சொன்னாள்.

மூன்று மணி நேரம் நடைபாதை நாற்காலியில் இருந்தாள். எதிர் நாற்காலியில் நாத்தனாரின் கணவர். அந்தப் பையனுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டினாள். இந்தப் பெண்ணுக்கும் இருக்கக் கூடாது என்று வேண்டினாள். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பையனுக்கு ஒன்றுமில்லை. பெண்ணின் எண் மிக அதிகம்.

அன்று மாலையே மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைத்துப் புகட்டினார்கள். அவளை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தையல்காரம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, "மூணு மணி நேரம் எனக்கு உசிரே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனார் வெகுநாள் அவளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் போன் வரும்.

"அண்ணி, இந்தத் தடவை பதினொண்ணு. நல்லதுதானே?"

"நல்லதுதான். மாத்திரையை நிறுத்திடாத."

மூன்றாம் மாதம் குழந்தையின் எடை வளர்ச்சி அட்டையில் வயதுக்கேற்ற கோட்டைத் தொட்டது. அந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பியவர் நாத்தனாரின் கணவர். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.