இரண்டரைக் கட்டை

இரண்டாவது வரியின் நடுவிலேயே மங்களத்தின் குரல் இறங்கிவிட்டது. அது எங்கே போய் நிற்கிறது என்று பத்துமலை ஒரு கணம் காதைக் கொடுத்தார். நான்கு கட்டைச் சுருதியில் தொடங்கியவள் மூன்றில் நின்றிருந்தாள். அவர் விரல்கள் கீபோர்டின் கறுப்பு கீகளுக்குத் தாவி மூன்றில் அவளோடு சேர்ந்துகொண்டன. பாட்டு அறுபடவில்லை.

"புடிச்சிட்டீங்க," என்றாள் மங்களம், மூச்சு வாங்கியபடி.

"நீ பாட்டுக்குப் போ. நான் வாரேன்."

ஈப்போ புந்தோங்கில் அவர்கள் வீட்டு ஹாலில், சோபா இருந்த இடத்தில் இப்போது கட்டில் கிடந்தது. தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின். பிளக் இருந்த சுவரோரமாகத்தான் கீபோர்டைப் போட முடிந்தது. அதனால் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். பத்துமலைக்கு அதுவே வசதியாகவும் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கை ஓடாது.

பாடியது அவர்களுடைய சொந்தப் பாட்டு. சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் கோயில் திருவிழாவுக்காகக் கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து கட்டிய மாரியம்மன் பாட்டு. மெட்டு அவருடையது, வார்த்தைகள் அவளுடையவை. அந்தக் காலத்தில் ஐந்தரைக் கட்டையில் கணீரென்று எடுப்பாள். இப்போது ஒரு மூச்சுக்கு அரை வரி வந்தால் பெரிது.

நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இது பல வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும், முதலில் வெறும் இருமலாகத்தான் தெரியும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட நிமிஷம் பத்துமலைக்குத் தெலுக் இந்தான் ஞாபகம் வந்தது.

பத்துமலை ஸ்கூல் வேன் ஓட்டுபவர். சனி ஞாயிறுகளில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பார், மங்களம் பாடுவாள். யாரிடமும் போய்ப் படிக்காமல் காதால் கேட்டுப் பழகிய கை அவருடையது. எந்தப் பாட்டானாலும் வெள்ளை கீகளிலேயே ஒன்றாம் கட்டையில் வாசிக்கத்தான் தெரியும். பாடுகிறவர் ஏற்றிக் கேட்டாலும் இறக்கிக் கேட்டாலும் கீபோர்டில் அதற்கென்று இருக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிடுவார். விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், சுருதி மட்டும் மாறி ஒலிக்கும். முப்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம். அவருடைய கீபோர்டு ரிப்பேருக்குப் போயிருந்ததால் யாருடையதையோ இரவல் வாங்கிப் போயிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம் மங்களம் பின்னால் வந்து குனிந்தாள்.

"என்னங்க, இருமி இருமித் தொண்ட கட்டியிருக்கு. ஒரு கட்ட எறக்குங்க."

அந்தக் கீபோர்டில் பட்டன் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்றை அமுக்கிப் பார்த்தார். தாளம்தான் மாறியது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"முடியாது. இதுலயே பாடு," என்றார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் பாடினாள். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஈப்போ திரும்பும்வரை காரில் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு மங்களம் மேடை ஏறவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "போதும்லா, வயசாச்சு" என்றாள். அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நோய் வந்த பிறகுதான், ஒருநாள் கட்டிலில் படுத்தபடி, "கொஞ்சம் வாசிங்க, பாடிப் பாக்குறேன்," என்றாள். அவர் பட்டனை அமுக்கி வைத்துக்கொண்டு தொடங்கினார். அன்றைக்குத்தான் பட்டனால் ஆகாது என்று புரிந்தது. மூச்சுத் தீரத் தீர அவள் குரல் பாட்டின் நடுவிலேயே சரிந்தது. எப்போது சரியும், எவ்வளவு சரியும் என்று அவளுக்கே தெரியாது. கூடவே போக வேண்டுமானால் எல்லாக் கட்டையும் கையில் இருக்க வேண்டும்.

பின்தெருவில் பியானோ சொல்லிக்கொடுக்கும் சீனப் பெண் ஒருத்தி இருந்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். சின்னப் பிள்ளைகள் போன பிறகு அவர் போய் உட்காருவார். "அங்கிள், நோட்டோட பேரை மறந்துடுங்க, நம்பரை மட்டும் வச்சுக்குங்க," என்று மலாயும் இங்கிலீசும் கலந்து சொன்னாள். பாட்டு எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதுதான் ஒன்று. அங்கிருந்து நான்கு, ஐந்து, மறுபடி ஒன்று. வீடு எங்கே மாறினாலும் உள்ளே அறைகள் அதே வரிசையில்தான் இருக்கும் என்றாள். அறிவுக்குப் புரிந்தது, ஐம்பத்தெட்டு வயது விரல்களுக்குப் புரிய மாதங்கள் ஆயின. வேனில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் ஸ்டீரிங்கில் வாசித்துப் பார்ப்பார்.

ஐந்தரையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மூன்றுவரை வந்திருந்தார். அதற்குக் கீழே இருந்த இரண்டரையை மட்டும் தொடவில்லை. கறுப்பு கீகளில் விரல் சிக்குகிறது என்று டீச்சரிடம் சாக்குச் சொன்னார். அதைப் பழகினால் அவள் அங்கே வரப்போகிறாள் என்று தானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று தோன்றியது.

இன்றைக்கு மங்களம் அங்கேயே வந்துவிட்டாள்.

சரணத்தின் முதல் வரியில் குரல் இன்னும் அரைக் கட்டை சரிந்தது. பத்துமலை தேடினார். விரல் தப்பான இடத்தில் விழுந்தது. மறுபடி தேடினார். அதற்குள் அவள் தனியாக நாலு வார்த்தை பாடிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"என்ன, என்னை உட்டுட்டுப் போய்ட்டீங்களா?"

"இரு மங்களம். இது ஒன்னுதான் பழகல."

அவள் மூச்சுக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்து அவர் திரும்பாமல் விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

"தெலுக் இந்தான்ல எனக்கு ரொம்பக் கோவம்," என்றாள்.

பத்துமலையின் கைகள் கீகளின் மேல் அப்படியே நின்றன.

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு. தெரிஞ்சிருந்தா வீட்டுக்கு வந்ததும் கேட்டிருப்பீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்தப் பட்டன் எங்கன்னு தெரியல மங்களம். அதான் நெசம். வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

அவள் தலையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். சிரிப்பது போல உதடு நெளிந்தது. இருமல் வந்து அதைக் கெடுத்தது. அவர் எழுந்து போய் முதுகைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரு மிடறுதான் குடித்தாள்.

"இதுக்கா அஞ்சு வருசம்?" என்றாள். பிறகு, "பழகி வைங்க. தூங்கி எந்திரிச்சுப் பாடுறேன். அதே எடத்துலேருந்து."

மத்தியானம் மகள் துளசி தைப்பிங்கிலிருந்து வந்தாள். அங்கே அரசாங்க ஆபீசில் வேலை. வாரத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வருவாள். கஞ்சி வைத்து எடுத்து வந்தபோது மங்களம் தூக்கத்தில் இருந்தாள். பத்துமலை சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று முறை சிக்கியது.

"ப்பா, அம்மா ராத்திரி பூரா தூங்கலன்னீங்க. இப்பதான் கண்ண மூடியிருக்காங்க. கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்களேன்."

"இந்த ஒரு எடந்தாம்மா."

"அப்ப ஹெட்ஃபோன் போட்டுக்குங்க லா."

அவர் எடுத்து மாட்டிக்கொண்டார். உலகம் அடைத்துக்கொண்டது. கீபோர்டு மட்டும் கேட்டது. துளசி அம்மாவின் போர்வையைச் சரி செய்துவிட்டு, மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக் கொல்லையில் காயும் துணிகளை எடுக்கப் போனாள்.

ஒன்று, நான்கு, ஐந்து, ஒன்று. கட்டைவிரலைக் கறுப்பு கீயில் வைக்காமல் பக்கத்து வெள்ளையில் நழுவவிட்டால் சிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். மெதுவாக ஒருமுறை. பிறகு பாட்டின் வேகத்தில். சரணம் முழுவதும் தடங்கலில்லாமல் போயிற்று. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை வாசித்தார். மறுபடியும் சரியாக வந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"மங்களம், வந்திருச்சு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மழை தகரக் கூரையில் அடித்துப் பெய்துகொண்டிருந்தது. மங்களத்தின் வலது கை கட்டிலுக்கு வெளியே, அவர் முதுகு இருந்த திசையில் நீண்டு தொங்கியது. கண்கள் பாதி திறந்திருந்தன.

கூப்பிட்டாளா, சும்மா நீட்டினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. துளசி துணிகளை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்து, அப்பா நிற்பதைப் பார்த்தாள். பிறகு அவர் கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைப் பார்த்தாள். துணிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் வாசலில் கூடாரத்துக்கு அடியில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மஞ்சள் சேலையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக மங்களம் பெட்டிக்குள் கிடந்தாள். "பூவும் பொட்டுமா போறா, குடுத்து வச்சவ," என்று ஒரு கிழவி சொன்னாள். துளசி எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். கீபோர்டை யாரோ அங்கே தூக்கிப் போய் நிறுத்தி, அதன்மேல் மினரல் வாட்டர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

அவர்கள் குழுவில் தபேலா வாசிக்கும் ஐயாவு, பத்துமலையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, தூக்குறதுக்கு முன்னால அண்ணி பாட்ட ஒருவாட்டி வாசிக்கிறீங்களா? நான் எடுத்துட்டு வரச் சொல்றேன்."

பத்துமலை தலையசைத்து மறுத்தார்.

"சரிண்ணே. தாப்பே, பரவால்ல."

ஆனால் பெட்டியைத் தூக்கும் நேரத்தில் கோயில் பெண்கள் அதையே பாடத் தொடங்கினார்கள். மங்களத்திடம் பாட்டுப் பழகியவர்கள். அவள் அந்தக் காலத்தில் எடுத்த ஐந்தரையிலேயே எடுத்தார்கள். இப்போது அவர்களுக்கும் வயதாகிவிட்டது. சரணத்தில் ஏறும்போது ஒருத்திக்கும் எட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் குரல் உடைந்தது. உடைந்தபடியே பாடிக்கொண்டு கேட் வரை வந்தார்கள். பத்துமலை பெட்டியின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்த்து நடந்தார்.

மின்சுடலையிலிருந்து திரும்பும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கொல்லைக் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். கடைசியாக ஐயாவு போன பிறகு துளசி பின்கதவருகே வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான்தானேப்பா போடச் சொன்னேன்."

"நீ சத்தத்தக் கொறைக்கச் சொன்ன. அம்மா தூங்கணும்னு சொன்ன."

"அம்மா கூப்பிட்டிருந்தா…"

பத்துமலை துண்டைக் கட்டிக்கொண்டு, அவிழ்த்த ஈர வேட்டியைத் தண்ணீரில் அலசினார். நாலு முழ வேட்டி, தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. பிழியப் பார்த்தார். கைக்குள் அடங்காமல் நழுவிச் சிமெண்டில் விழுந்தது. எடுத்து மறுபடி பார்த்தார். மறுபடி நழுவியது.

துளசி படியிறங்கி வந்தாள். வேட்டியின் மறுமுனையை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனாள்.

"புடிங்கப்பா."

அவர் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு பக்கமாக முறுக்கினாள், அவர் எதிர்ப்பக்கமாக முறுக்கினார். நடுவிலிருந்து தண்ணீர் கொட்டிக் கால்வாய்ப் பக்கம் ஓடியது. சொட்டு நின்ற பிறகும் இருவரும் விடாமல் இன்னொரு சுற்று முறுக்கினார்கள்.