கல்லெறிந்து கூப்பிட்டவர்கள்

பாலகுருவுக்குச் சர்க்கரை வந்ததில் ஒரே ஒரு நன்மை, மனிதர் விடியற்காலையில் எழுந்து நடக்கத் தொடங்கினார். எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். அறுபது பேரை அதட்டி வேலை வாங்குகிற தொண்டை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதும், வீட்டிலிருந்து கம்பெனிக்கே நடந்து போய்விடலாம் என்று முடிவு செய்துகொண்டார்.

பாட்டு இல்லாமல் அவருக்குக் கால் நகராது. முதலில் காதுக்குள் செருகுகிற சாமானைத்தான் மாட்டிக்கொண்டு நடந்தார். பங்குனியில் ஒருநாள், பின்னால் வந்த லோடு வேன் ஒன்று ஆரன் அடித்து அடித்துச் சலித்துப்போய் அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. டிரைவர் இறங்கி வந்து சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. விஷயம் கேள்விப்பட்ட மகள் சினேகா, கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவள், அடுத்த வாரமே புதிதாக ஒரு ஹெட்செட் வாங்கி அனுப்பினாள்.

"அப்பா, இது காதுக்குள்ள போகாது. காதுக்கு முன்னால, கன்ன எலும்பு மேல உக்காரும். சத்தம் எலும்பு வழியா உள்ள போகும். காது தொறந்தே இருக்கும். வண்டி வந்தா கேக்கும்."

"எலும்புக்கு எப்படி தாயி பாட்டுக் கேக்கும்?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டுப் பார்த்தார். பாட்டு வெளியே எங்கிருந்தும் வரவில்லை, தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. அதே நேரத்தில் கண்மாய்ப் பக்கம் மயில் அகவியதும் பால்காரரின் பைக் சத்தமும் தெளிவாகக் கேட்டன. விரலால் இரண்டு காதையும் அடைத்துப் பார்த்தார். பாட்டு குறையவில்லை, முன்னைவிடப் பலமாகக் கேட்டது. நடுரோட்டில் நின்று காதை அடைப்பதும் திறப்பதுமாக அவர் செய்த கூத்தைப் பார்த்து, வேலைக்குப் போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. மனுசனுடைய மண்டைக்குள் இப்படி ஒரு பாதையை யார் போட்டுவைத்தது என்ற பிரமிப்பு ஒரு வாரத்துக்கு அடங்கவில்லை.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. அன்று காலை அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. கேட்டில் நிற்கும் வெள்ளைத்தாயை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று மேனேஜருக்கு அவரே எழுதிய கடிதம்.

வெள்ளைத்தாய்க்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு பிள்ளைகளைத் தனி ஆளாகப் படிக்க வைக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலாம் நம்பர் ரூமில் மருந்து வெடித்தபோது வெளியே வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். தூக்கி எறியப்பட்டாளே தவிர, உடம்பில் ஒரு கீறல் இல்லை. புண்ணியம் செய்தவள் என்றார்கள். காதில் லேசாக ரத்தம் வந்ததற்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் நின்று கத்தினாலும் அவளுக்குக் கேட்கவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. பட்டாசு ஊரில் காது போவதெல்லாம் ஒரு வியாதியா என்பதுதான் அங்கே எல்லோருடைய பேச்சும்.

கம்பெனி அவளைக் கேட்டுக்கு மாற்றியது. உள்ளே போகிறவர்களின் செல்போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாங்கி மரப்பெட்டியில் வைக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுத்தான் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். அவளைக் கூப்பிட ஊர் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தது. சின்னக் கல்லாகப் பார்த்து முதுகில் எறிவார்கள். திரும்புவாள். கையை ஆட்டிச் சொல்வார்கள். பாலகுருவும் எறிந்திருக்கிறார். காது கேட்காதவள் கத்தித்தானே பேச வேண்டும், இவள் குசுகுசுவென்று பேசுகிறாளே என்பது இன்னொரு கேலி.

போன வாரம் தீ ஒத்திகைக்குச் சங்கு ஊதியபோது எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள். வெள்ளைத்தாய் மட்டும் மரப்பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துப் பதறிப்போய்த்தான் பாலகுரு கடிதத்தை எழுதினார். நிஜத்தில் ஆபத்து வந்தால் யார் பொறுப்பு என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. அவள் பிழைப்பு என்ன ஆகும் என்பதை நினைக்காமல் இருக்க, அன்று பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு நடந்தார்.

கேட் வந்ததும் பாட்டை நிறுத்தி, செல்போனை மரப்பெட்டியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். அவளை நிமிர்ந்து பார்க்காமல் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நேரே மருந்து கலக்கும் ரூமைப் பார்த்து நடந்தார். பத்தடி போயிருப்பார். வெள்ளைத்தாய் ஓடிவந்து குறுக்கே நின்றாள். அவர் கழுத்தில் கிடந்த துண்டைச் சட்டென்று விலக்கினாள்.

துண்டுக்கடியில் பிடரியைச் சுற்றி, கன்ன எலும்பில் ஹெட்செட் அப்படியே இருந்தது. காதை அடைக்காத சாமான், போட்டிருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. உள்ளே பேட்டரி இருக்கிற ஒன்றை மாட்டிக்கொண்டு மருந்துத் தூசி பறக்கிற ரூமுக்குள் நுழைய இருந்தார், அறுபது பேருக்கு எச்சரிக்கை சொல்கிற போர்மேன்.

"இதோட உள்ள போகலாமா அண்ணாச்சி?" என்றாள் அவள், வழக்கமான சின்னக் குரலில். "உள்ள எம்புட்டு பேர் இருக்காக."

பாலகுரு கேட்டுக்குத் திரும்பி வந்து அதைக் கழற்றிக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கையால் கேட்டாள். அவர் பாட்டு என்று சைகை காட்டினார். உள்ளே போக வரிசையில் நின்ற ராமுத்தாய் சிரித்தாள்.

"செவிடிக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுறாகடி."

தான் காதை அடைத்தபோது பாட்டு இன்னும் பலமாகக் கேட்டது பாலகுருவுக்கு அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. பெட்டியிலிருந்த செல்லை எடுத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, கன்னத்தைத் தொட்டு, இங்கே வை என்று காட்டினார்.

வெள்ளைத்தாய் மாட்டிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் கண்கள் விரிந்தன. சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள், மேலே பார்த்தாள்.

"யாரோ பாடுறாக," என்றாள். "பொம்பளக் குரலு."

வரிசையில் சிரிப்பு நின்றுபோனது. பாலகுரு செல்லை ராமுத்தாயிடம் கொடுத்து, மணி அடித்தால் எடுக்கச் சொன்னார். ஆபீஸ் ரூமுக்குப் போய், அங்கிருந்த போனில் தன் நம்பரையே அடித்தார். கேட்டில் ராமுத்தாய் அவர் செல்லில் பச்சைப் பொத்தானைத் தள்ளினாள். சன்னல் வழியாக வெள்ளைத்தாயைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பேசினார்.

"வெள்ளைத்தாயி. நான் போர்மேன் பாலகுரு பேசுதேன். கேக்குதா?"

அவளுக்கு அவர் நிற்கும் இடம் தெரியவில்லை. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்குது அண்ணாச்சி. ஏன் கத்துறீக? மெதுவாப் பேசுங்க." கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "மூணு வருசத்துல இன்னைக்குத்தான் எம் பேரு காதுல விழுகுது."

ஆபீஸ் ரூமில் பாலகுரு அழுதார். மேனேஜர் என்ன என்று கேட்டதற்குச் சன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

மறுநாள் அவரே அவளைச் சிவகாசிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அம்மா இரண்டு கிளையுள்ள ஒரு இரும்புக் கோலைத் தட்டி, முதலில் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். வெள்ளைத்தாய் உதட்டைப் பிதுக்கினாள். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்ததும் கேட்கிறது என்று தலையை ஆட்டினாள்.

"செவிப்பறை ரெண்டும் கிழிஞ்சிருக்கு. உள்காது நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "வாசல்தான் அடைஞ்சிருக்கு, எலும்பு வழியாச் சத்தம் உள்ள போயிருது. அவங்க குரல் அவங்களுக்குள்ள பலமாக் கேக்குது, அதான் மெதுவாப் பேசுறாங்க. ஆபரேஷன் பண்ணிச் சவ்வை ஒட்டிப் பாக்கலாம், பெரும்பாலும் கேக்கும். மூணு வருஷமா ஏன் கூட்டிட்டு வரலை?"

எண்ணெய் ஊற்றினோம் என்று சொல்லப் பாலகுரு வாயெடுத்து, மூடிக்கொண்டார். கேலி செய்த அந்தச் சின்னக் குரலிலேயே எல்லாம் இருந்திருக்கிறது. மண்டைக்குள் எவனோ இரண்டாவதாக ஒரு வழி போட்டுவைத்து, அது மூன்று வருஷமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. ஒரு ஆளும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த கடிதத்தை எடுத்து, அதே தாளின் பின்பக்கத்தில் வேறொன்று எழுதினார். ஆபரேஷனுக்கு வெள்ளைத்தாய்க்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும், அவளுக்குக் காது கேட்கும்வரை சங்கு ஊதும்போது கேட்டில் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், கம்பெனியில் எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை காதைச் சோதிக்க வேண்டும். மேனேஜர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

புரட்டாசி வந்தது. சீசன் உச்சத்தில் ஆர்டர் மேல் ஆர்டர். வலது காதில் ஆபரேஷன் முடிந்து வெள்ளைத்தாய் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மரப்பெட்டிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். வேலைக்கு வந்த ராமுத்தாய் பழக்க தோஷத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். பின்னால் வந்த பாலகுரு அதட்ட வாயைத் திறந்தார். பிறகு குரலைத் தணித்து, "வெள்ளைத்தாயி," என்றார்.

அவள் திரும்பினாள். ராமுத்தாயின் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"காது போச்சுன்னா வைத்தியம் இருக்கான்னு பாக்கணும், ராமுத்தாயி. ஆளே போயிட்ட மாதிரி ஒதுக்கி வைக்கக் கூடாது. எம்மேல அம்புட்டு கல்லு எறிஞ்சீகளே. ஒரே ஒருநா ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்திருந்தா, அன்னைக்கே எனக்குக் கேட்டிருக்கும்."

ராமுத்தாய் விரல்களை விரித்தாள், கல் நழுவி மண்ணில் விழுந்தது. அந்தச் சின்னச் சத்தமும் வெள்ளைத்தாய்க்குக் கேட்டது.