பராக்கின் செல்கள்

மகனிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் அம்மாவின் உடம்புக்குள் போன அன்றே வழி தவறிவிட்டன. மற்றவர்கள் உடம்பில் அவை சத்தம் போடாமல் எலும்புக்குள் போய்க் குடியேறிவிடும். இந்த அம்மாவுக்கு மட்டும் தோலுக்கடியில் குண்டூசித் தலையளவு வெளிச்சங்களாகத் தெரிந்தன. சில காது மடல்வரை போய் நின்று வேடிக்கை பார்த்தன. முழங்கையில் ஒரு கூட்டம் ஊர்க்கதை பேசுவதுபோல நகராமல் நின்றது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, செல் கொடுத்தது யார் என்று மட்டும் விசாரித்தார்.

கொடுத்தது இளையவன். வீட்டில் அவனுக்குப் பராக்கு என்று பெயர். பால் வாங்கப் போனால் பால் திரிந்த பிறகுதான் வீடு திரும்புவான். கூரியர் கம்பெனியில் சேர்ந்து அவன் கொண்டுபோன ஒரு கல்யாணப் பத்திரிகை, அந்தத் தம்பதிக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு போய்ச் சேர்ந்தது. அம்மாவோ டவுன் பஸ் டிரைவர். அவள் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. அவளுக்கு ரத்தப் புற்று வந்து, குடும்பத்தில் அத்தனை பேர் ரத்தத்தையும் சோதித்ததில் பொருந்தியது பராக்குடையது ஒன்றுதான். போயும் போயும் இவனா என்று அக்கா கேட்டாள், கேட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அம்மாவின் பழைய எலும்பு மஜ்ஜையை மருந்து சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தது. புதியது போய்ச் சேராவிட்டால் பிழைக்கமாட்டாள் என்பதை டாக்டர் மூடி மறைக்கவில்லை. ஆகவே குடும்பம் அம்மா படுத்திருந்த அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே பேசுவதற்கென்று வைத்திருந்த போன் வழியாகச் செல்களுக்கு வழி சொல்ல ஆரம்பித்தது. அப்பா தையற்காரர். தோளிலிருந்து இடுப்புக்கு நேர்கோட்டில் இறங்கச் சொல்லி டேப்பை நீட்டிக் காட்டினார். பள்ளிக்கூட டீச்சரான அக்கா வரிசையாக நிற்கச் சொன்னாள். நர்ஸும் தன் பங்குக்குக் குறுக்குவழி ஒன்று சொன்னார். ஆளுக்கொரு வழி சொன்னால் யார்தான் உருப்படியாகப் போய்ச் சேர்வார்கள்? செல்கள் கூட்டமாக நெற்றிக்கு ஏறிவிட்டன. அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. வாயெல்லாம் புண், பேச்சு இல்லை.

அப்போதுதான் பராக்கு அக்காவின் பக்கம் திரும்பினான்.

"வழி சொன்னா எனக்கும் குழம்பிடும்க்கா. நான் எப்பவும் அம்மா ஹாரன் கேட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்."

உண்மைதான். வேலை முடிந்து தெருமுனையைத் தாண்டும்போது அம்மா இரண்டு குறில், ஒரு நெடில் என்று ஹாரன் அடிப்பாள். பையன் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் கால் தானாக வீட்டைப் பார்த்துத் திரும்பும். அக்கா டெப்போவுக்குப் போன் போட்டாள். அம்மாவின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர், பயணிகளைக்கூட இறக்காமல் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வந்து, ஹாரன் அடிக்கக் கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழேயே நிறுத்தினார். வாட்ச்மேன் விசிலோடு ஓடி வந்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விதியையும் மீறாத அந்த டிரைவர் ஹாரன் அடித்தார்: இரண்டு குறில், ஒரு நெடில்.

முதலில் காது மடலில் இருந்தவை திரும்பின. இரண்டாவது தடவை அடித்ததும் நெற்றியே காலியானது. தோளைத் தாண்டிவிட்டது, நெஞ்செலும்புக்குப் பாதி போய்விட்டது என்று அப்பா கத்த, அதை நர்ஸ் ஜன்னலில் நின்று கீழே சொல்ல, பயணிகள் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் கொண்டாடினார்கள். வாட்ச்மேனும் விசில் அடித்தார், இந்த முறை சந்தோஷத்தில். இடுப்பெலும்பு சிம்னி விளக்கைப் போலப் பிரகாசித்து, கடைசி வெளிச்சமும் உள்ளே போய் அணைந்தபோது, அம்மா புண் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டியாடா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பராக்கு, "வந்துட்டேம்மா" என்றான்.

மறு வருஷம் அம்மா வேலைக்குத் திரும்பினாள். ரத்தம் இப்போது மகனுடையது என்பதால் பஸ் வழியில் எதையாவது கண்டால் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. பயணிகள் யாரும் புகார் கொடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் இந்த ஊரில் இருந்தும் பார்க்காத தெருக்களைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். நிறுத்தங்களில் நேரத்தை அழித்துவிட்டு 'வரும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது டெப்போ. ரொம்பவும் தாமதமானால் பராக்கு டெப்போ வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். அந்த வேலைக்கு அவனைத்தான் நியமித்திருக்கிறார்கள். பஸ் வந்துவிடும்.