முப்பத்தொரு மஞ்சள் சட்டைகள்

காலைக் கதிரவன் கடைத்தெருவின் கிழக்கு முனையில் தலைகாட்டி, மூடிக் கிடந்த கதவுகளின் பூட்டுகளில் எல்லாம் ஒவ்வொரு துளிப் பொன்னை வைத்துவிட்டு, தையற்கடைகள் ஏழும் தோளோடு தோள் உரசி நிற்கும் வளைவுக்கு வந்து சற்றே தயங்கும் வேளை அது. அடுமனையின் சூடான மணம் ஒருபுறமும் புதுத்துணியின் கஞ்சி மணம் மறுபுறமும் கலந்து வர, தையற்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் துயிலெழுந்து கடகடவென்று பேசத் தொடங்கும். தெரு முடியும் இடத்தில், உயர்ந்த மதிலும் பச்சைக் கதவும் கொண்டு நின்ற பிள்ளைகள் இல்லத்திலிருந்து, முப்பத்தொரு குரல்கள் ஒரே குழாயடிக்கு முண்டியடிக்கும் ஆரவாரம் அப்பேச்சோடு சேர்ந்துகொள்ளும். பெற்றோரை இழந்தவர், பெற்றோர் இருந்தும் இழந்தவர் என இருவகைப் பிள்ளைகளும் அங்கே வளர்ந்துவந்தனர்.

படிப்பவரே, அவ்வூர் ஈரமற்ற ஊர் என்று எண்ணிவிட வேண்டா. அடுமனையார் வெள்ளிதோறும் கூடை நிறைய ரொட்டி கொண்டுவந்து வைத்தனர்; முடிதிருத்துவோர் திங்களுக்கொரு முறை திரண்டு வந்து, ஆண் தலை பெண் தலை என்று பாராமல், எல்லாத் தலைக்கும் ஒரே வெட்டாய் வெட்டிச் சென்றனர்; காலை நடைக்குழுவினர் விசிப்பலகைகள் வாங்கி வந்து, அவற்றின் முதுகில் தம் குழுவின் பெயரை மறவாமல் பொறித்தனர். ஒவ்வொரு குழு விடைபெறும்போதும் பிள்ளைகள் வரிசையில் நிமிர்ந்து நின்று, "உங்க அன்புக்கு ரொம்ப நன்றிங்க" என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பர். கேட்டவர் நெஞ்சு குளிர்ந்து வீடு செல்வர்.

தையற்கடைக்காரர் எழுவரும் தம் பங்குக்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புதுச்சட்டை தைத்துத் தருவதென்று முடிவு செய்தபோது, வெட்டும் பொறுப்பு ஒருத்தியிடம் வந்து சேர்ந்தது. அவளைத் தெருவார் கத்தரிக்காரி என்பர். பத்து மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, சுண்ணக்கட்டியால் ஒரே கோடு கிழித்து, ஒரே மூச்சில் பிசிறின்றி வெட்டி எடுக்கும் கைத்திறம் அவளுக்கு வாய்த்திருந்தது. அத்திறத்தின்மேல் அவளுக்குக் கொஞ்சம் செருக்கும் இருந்தது.

"ஆளுக்கொரு துணியா எடுத்துக்கலாமே. நம்ம ஏழு கடையிலயும் மிச்சத்துணி மலையா கிடக்கு" என்றார், தடித்த கண்ணாடி அணிந்தமையால் கண்ணாடியண்ணன் என்று பெயர் பெற்ற மூத்த தையற்காரர்.

"அண்ணே, முப்பத்தொரு துணியைத் தனித்தனியா வெட்டறதுக்குள்ள விடிஞ்சுரும். ஒரே சுருள், மூணே அளவு, நாலு அடுக்கு. பார்க்கவும் பூந்தோட்டம் மாதிரி இருக்கும்" என்றாள் அவள். மஞ்சள் துணிச்சுருள் ஒன்று வந்தது. மற்றவர் எல்லாரும் தலையசைத்தனர், கண்ணாடியண்ணன் கண்ணாடியைத் துடைத்தார்.

அளவெடுப்பதற்காகவும் பழந்துணிகளைத் தைத்துச் சீர்செய்வதற்காகவும் மூன்று ஞாயிறுகள் இல்லத்துக்குச் சென்ற கத்தரிக்காரியிடம், குருவி என்று அங்குள்ளோர் அழைத்த பத்து அகவைச் சிறுமி ஒருத்தி ஒட்டிக்கொண்டாள். ஊசியில் நூல் கோப்பதும், சிதறிய குண்டூசிகளைப் பொறுக்கித் தருவதும், கேளாமலே சுண்ணக்கட்டியைக் கூராக்கி வைப்பதுமாய் அவள் உடனிருந்தாள். பிற பிள்ளைகள் வாய்ப்பாட்டை ஒப்பித்தபோது, குருவி மட்டும் யாரும் சொல்லிக்கொடாமலே அவளை "அத்தை" என்று அழைத்தாள். அச்சொல் கத்தரிக்காரிக்கு இனித்தது. தன் மகளுக்கும் அதே அகவைதானே என்று ஒருமுறை எண்ணிக்கொண்டாள், அதற்குமேல் எண்ணவில்லை.

மூன்றாம் ஞாயிறு, அளவு நாடா தன் தோளில் பட்டபோது, குருவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அத்தை, எனக்கு மட்டும் வேற துணியில தைச்சுத் தரீங்களா?"

"ஏன், மஞ்சள் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. ஆனா எல்லார் மாதிரியும் வேணாம். கிழிஞ்ச துண்டுல ஒட்டுப்போட்டுக் கொடுத்தாக்கூடப் போதும்."

பின்னால் முப்பது பேர் காத்திருந்தனர். சிறுமியால் அதற்குமேல் சொல்ல இயலவில்லை. கத்தரிக்காரிக்கோ, கழுத்தில் கயிறு கட்டிய காளை போல வேலை இழுத்துக்கொண்டிருந்தது. குழந்தை செல்லம் கொஞ்சுகிறாள் என்று கருதி, எல்லாரும் கேட்கும்படி சிரித்தாள்.

"தானமாக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்மா!"

வரிசையில் நின்ற பிள்ளைகளும் சிரித்தனர். குருவி கைகளை நீட்டி அளவுக்கு நின்றாள்.

சட்டைகள் தைத்து முடிந்தன. இல்லத்துப் பிள்ளைகளும் கத்தரிக்காரியின் மகளும் படித்த பள்ளியில் வாரத்துக்கொரு நாள் சீருடைக்கு விடுமுறை; அன்று அவரவர் விரும்பிய உடையில் வரலாம். இல்லத்துப் பொறுப்பாளரான பெரியம்மாவிடம், அந்நாளில் முப்பத்தொருவரும் புதுச்சட்டை அணிந்து கடைத்தெரு வழியே ஒன்றாய்ச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டவளும் கத்தரிக்காரியேதான். தைத்த கண்களுக்கு அந்தக் காட்சி கிடைக்க வேண்டாமா? கிடைத்தது. மஞ்சள் வரிசை வளைவைக் கடந்தபோது ஏழு கடைகளிலும் பொறிகள் நின்றன, கைகள் தட்டின. கடைசியில் வந்த குருவி பள்ளிப்பையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு தலைகுனிந்து நடந்தாள். கத்தரிக்காரி அதை வெட்கம் என்று எண்ணி உருகினாள்.

அன்று மாலை மகள் பள்ளியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, எங்க வகுப்புல ஓட்டத்துல முதலா வருவாளே, அவ இல்லத்துப் பொண்ணாம்மா! இத்தனை நாளும் அத்தை வீட்டுல இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்தா. தினமும் ரெண்டு தெரு சுத்தித் தனியா வருவா, அதான் யாருக்கும் தெரியல. போன வாரம்கூட, அத்தை தையல்காரி, எனக்குன்னு தனியா ஒரு சட்டை தைக்கிறாங்கன்னு அளந்துவிட்டா. இன்னைக்குக் குட்டு உடைஞ்சுபோச்சு!"

கத்தரிக்காரியின் கால் மிதிப்பலகையில் நின்றது. "எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன். மஞ்சள் சட்டையைப் பார்த்ததும், இது எங்கம்மா இல்லத்துப் பிள்ளைங்களுக்குத் தைச்சதாச்சேன்னு."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ம்."

"நீ?"

மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள், துள்ளல் அடங்கிற்று. "நானும்தான்" என்றாள்.

மகளை ஏச வாய் வரவில்லை. இரண்டு வாரமாய் அடுப்படியிலும் வாயிலிலும், வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தச் சட்டைகளைப் பற்றிப் பெருமை பேசியவள் தானல்லவா? சீருடை நாட்களில் எல்லாரோடும் ஒன்றாய் மறைந்திருந்த ஒரு குழந்தையை, எல்லாரும் வெவ்வேறாய் நிற்கும் ஒரே நாளில், தன் கைத்திறத்தால் அடையாளமிட்டு நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று அவள் நெஞ்சு பதைத்தது. அவள் கேட்டாளே, வாய் திறந்து கேட்டாளே என்று அது ஓயாமல் அரற்றியது. தனக்கு வெட்டிக்கொள்ள எடுத்து வைத்திருந்த, வெண்பூக்கள் தூவிய பச்சைத் துணியை மறுநாள் காலையிலேயே விரித்தாள். அடுக்காமல், ஒற்றை மடிப்பில், ஒரு குழந்தையின் அளவுக்கு வெட்டித் தைத்தாள். அவ்வளவு மெல்ல அவள் கத்தரி அதற்குமுன் நடந்ததில்லை.

அன்று மாலை இல்லத்தின் கூடத்தில் பெரியம்மா அவளை அமரச் சொன்னார். "அழவே இல்லைங்க. இன்னைக்கும் பள்ளிக்கூடம் போயிட்டுத்தான் வந்தா. மஞ்சள் சட்டையைத் துவைச்சு, மடிச்சு, பெட்டியில வச்சுட்டா. என்னாச்சுன்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னு சொல்றா" என்று கூறிவிட்டு, குருவியை அழைத்துவந்து விட்டு அகன்றார்.

கத்தரிக்காரி முழந்தாளிட்டுக் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்தாள். "நீ கேட்டப்பவே நான் தைச்சுக் கொடுத்திருக்கணும்மா. காதுல வாங்காம விட்டதுமில்லாம, எல்லார் முன்னாலயும் சிரிச்சுட்டேன். தப்பு முழுக்க என் மேலதான். உன்னைப் பத்திச் சொன்னது என் மகதான். அவளும் வந்து மன்னிப்புக் கேப்பா. இது உனக்குன்னு தைச்சது. இதே துணியில வேற யாருக்கும் கிடையாது."

குருவி பச்சைச் சட்டையை வாங்கிக்கொண்டாள். அதன் ஓரத்தையோ தையலையோ திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து, வரிசையில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள்.

"உங்க அன்புக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அதில் சினம் இருந்திருந்தால் கத்தரிக்காரி தாங்கியிருப்பாள். அத்தை என்று ஒருமுறை அழைத்துவிட்டு அடித்திருந்தாலும் ஏசியிருந்தாலும் மகிழ்ந்தே ஏற்றிருப்பாள். அக்குரலில் ஒன்றுமே இல்லை. அடுமனையாருக்கும் முடிதிருத்துவோருக்கும் கிடைத்த அதே நன்றி, குறையாமல் கூடாமல், அவளுக்கும் கிடைத்தது.

மறுவாரம் மகளும் வந்தாள், அழுதாள், குருவி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாளடைவில் இருவரும் ஒன்றாய் ஓடவும் விளையாடவும் செய்தனர், ஏனெனில் பிள்ளைகள் பிள்ளைகளை மன்னிக்க விரைவில் வழி கண்டுகொள்கின்றனர். தையற்கடைக்காரரும் அடுக்கி வெட்டுவதை அடியோடு விட்டனர். ஏழு கடைகளிலிருந்தும் விதவிதமான துணிகள் இல்லத்துக் கூடத்தில் விரிக்கப்படும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே வந்து, தொட்டுப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டா என்று சொல்லித் தெரிந்தெடுக்கும். கழுத்து சரியில்லை என்று ஒருவன் திருப்பிக் கொடுப்பான். பை இரண்டு வேண்டும் என்று ஒருத்தி அடம்பிடிப்பாள். கத்தரிக்காரி முணுமுணுக்காமல் பிரித்துத் தைப்பாள்.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் சென்றன. குருவியின் தோள் உயர்ந்தது; கை நீண்டது; அளவேட்டில் அவளுக்கென்று ஒரு தனிப்பக்கம் உண்டு. அவள் முறை வரும்போது மட்டும் கத்தரிக்காரி எல்லாத் துணிகளையும் புதிதாக விரித்து வைத்து, "உனக்கு எதும்மா வேணும்?" என்று கேட்பாள். குருவி கைகளை நீட்டி நின்று, பணிவோடு விடை சொல்வாள்:

"எதுன்னாலும் சரிங்க."

கொடுப்பது எளிது, படிப்பவரே. கேட்கத் துணிந்த வாய் ஒருமுறை மூடிக்கொண்டால் அதை மீண்டும் திறப்பது எளிதன்று. இதை அறிந்தவள் ஆதலின், கத்தரிக்காரி தானாக ஒரு துணியை எடுத்து வெட்டுவதில்லை. விரித்த துணிகளின் முன்னே, கையில் நாடாவோடு, இன்னும் கொஞ்சநேரம் காத்து நிற்கிறாள்.