வகுப்பறையில் வெங்காயம்

ராமுத்தாய் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தன் மகளின் வகுப்பறையில் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள்.

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிய பிறகு ஏற்பட்ட வேலை அது. திண்டுக்கல் வெங்காயப் பேட்டை அடைத்துக் கிடந்த சமயத்தில், வாங்கிப் போட்ட சரக்கை வைக்க இடமில்லை என்று பழனிக்குமார் பள்ளிக்கூடச் சாவியைக் கேட்டு வாங்கினார். சின்னக்கரட்டுப்பட்டியில் அவர்தான் பெரிய வெங்காய வியாபாரி. வார்டு மெம்பரும்கூட. பேட்டை திறந்ததும் காலி செய்துவிடுவதாகச் சொன்னார். பேட்டை திறந்தது. ஒரு லோடு போனால் இரண்டு லோடு வந்தது. ஐந்து அறைகளில் நான்கு பக்கமும் ஜன்னல் வைத்த இரண்டு பெரிய அறைகள் அவருடைய வெங்காயக் கிடங்காகிவிட்டன. சுவரில் ஒட்டியிருந்த உயிரெழுத்துப் படத்தின்மேல் மூட்டைகளைச் சாய்த்து அடுக்கினார்கள். கதவில் அவருடைய பூட்டு தொங்கியது.

கூலிக்குப் போன பெண்களில் ராமுத்தாயும் ஒருத்தி. அவள் கணவன் தங்கமுத்து பழனிக்குமாரின் டெம்போவை ஓட்டுகிறவன். மகள் தமிழ்மதி நான்காம் வகுப்பு முடிக்கும்போது பள்ளிக்கூடம் மூடியது. டீச்சர் வாட்ஸப்பில் பாடம் அனுப்பினார். ராமுத்தாய் வீட்டில் இருந்தது பட்டன் போன். பக்கத்து வீட்டு சைதூனிடம் பெரிய போன் இருந்தது. சைதூனின் மகன் பாடம் பார்க்கும்போது தமிழ்மதி அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஊரடங்கு தளர்ந்து சைதூனின் கணவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் போனும் அவரோடு போய்விட்டது. டிவியிலும் பாடம் வந்தது. ஆனால் அது வருகிற நேரத்தில் ராமுத்தாய் வேலையில் இருப்பாள். பத்து வயதுப் பெண்ணைத் தனியாக வீட்டில் விட மனமில்லாமல் கூடவே கூட்டிப் போவாள். போன இடத்தில் பிள்ளை சும்மா இருக்குமா? தான் முன்பு உட்கார்ந்து படித்த அதே அறையில், அதே ஜன்னல் ஓரத்தில், தமிழ்மதியும் தாள் அரிந்தாள்.

நவம்பர் முதல் தேதி ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஐரின் டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் தலைமையாசிரியை. எல்லாரும் பள்ளிக்கூட வராந்தாவில் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"ஒரு ரூமுக்கு இருபது பேருக்கு மேல உக்கார வைக்கக் கூடாது. நம்மகிட்ட இப்ப மூணு ரூம்தான் இருக்கு. அதனால புள்ளைகள ரெண்டாப் பிரிச்சிருக்கோம். ஒரு நாள் ஒரு பாதி வரட்டும், மறுநாள் மறுபாதி. யாரு எந்த நாளுன்னு திங்கக்கெழம சொல்லிர்றோம். வராத நாளுக்கு போன்ல பாடம் அனுப்பிருவோம்" என்றார் டீச்சர்.

பிறகு, சுவரில் புதிதாக ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "தமிழ்மதி, இத எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிம்மா" என்றார். நான்காம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று செய்தித்தாள் வாசித்தவள் அவள். அந்த ஞாபகத்தில்தான் டீச்சர் கூப்பிட்டார்.

தமிழ்மதி முன்னால் வந்தாள். "மு... க... முக..." என்றாள். 'முகக்கவசம்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. கண் அடுத்த வரிக்குப் போய்த் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, மாஸ்க்கைக் கண்வரைக்கும் ஏற்றி விட்டுக்கொண்டு பின்னால் வந்து அம்மாவின் முதுகுக்குப் பின் நின்றாள்.

ராமுத்தாய்க்குக் காது அடைத்தது. ஒரு வருடமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பிள்ளை. ஒரு தடவைகூட 'வாசி' என்று சொல்லிப் பார்க்கவில்லையே என்று தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நேரம்தான் அங்கே நின்றது. பிறகு அது வேறு பக்கம் திரும்பியது.

"டீச்சர், அந்த ரெண்டு ரூமு என்னாச்சு?"

எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரும் கேட்டதில்லை.

"அத மெம்பர்கிட்டத்தான் கேக்கணும். நான் மேல சொல்லிட்டேன்."

"சாவியக் குடுத்தது மேல இருக்கவுகளா, நீங்களா?"

ஐரினின் முகம் சிறுத்துவிட்டது. "நான் தெனம் பஸ்ஸுல வந்து போறவ, ராமுத்தாயி. அவரு ஒரு போன் போட்டா என்னய எங்கயாச்சும் தூக்கி அடிச்சிருவாங்க. நான் என்ன செய்ய?"

"எம்மக எழுத்துக் கூட்டிக்கிட்டு நிக்கிறா. அவ என்ன செய்ய?"

டீச்சர் திரும்பி அறைக்குள் போனார். கூட்டம் கலைந்தது.

அன்று சாயங்காலம் சரக்குப் பார்க்க வந்த பழனிக்குமாரிடம் ராமுத்தாய் நேரே கேட்டாள். மற்ற பெண்கள் குனிந்தபடி அரிந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, திங்கக்கெழம பள்ளிக்கூடம் தெறக்குறாக. மூட்டைய எடுத்துருங்க."

"தீவாளி போகட்டும். வெல கொஞ்சம் ஏறுற மாதிரி இருக்கு."

"அதுவரைக்கும் வேற எடத்துல வைங்க. ஒங்க வீட்டு மாடி சும்மாதான கெடக்கு."

"மழக்காலம், ராமுத்தாயி. வெங்காயத்துக்குக் காத்து வேணும். இம்புட்டு சன்னலு உள்ள எடம் நம்ம ஊர்ல வேற எங்க இருக்கு?"

"புள்ளைகளுக்குக் காத்து வேணாமா? நோய் பரவக் கூடாதுன்னுதான தள்ளித் தள்ளி உக்காரச் சொல்றாக. காத்து வர்ற ரூமு வெங்காயத்துக்கு, அடச்ச ரூமு புள்ளைகளுக்கா?"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. "ஏத்தா, புள்ளைக அழுகிப் போகாது. பரீட்சையே வைக்காம அம்புட்டுப் பேத்தையும் பாஸ் போட்டாச்சு. அப்பறம் எதுக்குத் துடிக்கிற? நாளப்பின்ன ஒம்மகளும் இங்கதான் வந்து தாளு அரியப் போறா. இப்பவே கை நல்லா ஓடுதே அதுக்கு."

ஜன்னல் ஓரத்தில் இருந்த தமிழ்மதி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். ராமுத்தாய் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ வர மாட்டா. நானும் இனி வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் தங்கமுத்து குதித்தான். செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "அவரு வண்டிய ஓட்டித்தான் நம்ம வீட்ல ஒல கொதிக்குது. ஊர்ல எவளுக்கும் இல்லாத ரோசம் ஒனக்கு மட்டும் எதுக்கு?"

"ஒங்க மக வாசிச்சத நீங்க கேக்கல."

"எல்லாப் புள்ளையும் அப்பிடித்தான் இருக்கு. போகப் போகச் சரியாயிரும்."

"எப்பிடிச் சரியாகும்? மாசத்துல பாதி நாளு வீட்டுல இருடீன்னு சொல்றாக. போனு இல்லாத வீட்டுக்குப் போன்ல பாடம் அனுப்புறாகளாம். யாரு காதுல பூ சுத்துறாக?"

தங்கமுத்து சாப்பிடாமல் எழுந்து போனான். அவளும் சமாதானம் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். ஐரின் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றிக்கும் நேராகக் கருவியைக் காட்டிச் சூடு பார்த்து, கையில் சானிடைசர் ஊற்றி உள்ளே அனுப்பினார். தமிழ்மதிக்குச் சீருடை குட்டையாகிவிட்டது. ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்துப் போட்டிருந்தாள். அவள் முறை வந்ததும் டீச்சர் தயங்கினார்.

"நீ நாளைக்கும்மா. இன்னிக்கு வேற குரூப்பு."

தமிழ்மதி திரும்பி நடந்தாள். கேட்டைத் தாண்டும்போது பலூன் ஒன்று வெடித்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை முரண்டு பிடித்து அழுதிருந்தால் ராமுத்தாய் ஒருவேளை வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பாள். அழாமல் நடந்ததைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

வராந்தா ஓரத்தில், பலூன் கட்டக் கம்பு நடக் குழி தோண்டிய கடப்பாரை சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய அறையின் பூட்டில் போட்டாள். முதல் அடியில் பூட்டு அசையவில்லை. மூன்றாவதோ நான்காவதோ அடியில் கொண்டி பிய்ந்து விழுந்தது.

"ராமுத்தாயி, வேணாம்" என்று ஐரின் டீச்சர் ஓடி வந்தார்.

"தள்ளிப் போங்க டீச்சர். ஒங்களச் சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல."

ஒரு மூட்டையைச் சாய்த்து முதுகில் ஏற்றினாள். இடுப்பு விண்ணென்றது. வாசலைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே தெருவில் பொத்தென்று போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்டில் நின்ற தாய்மார்கள் வழிவிட்டார்கள். இரண்டாவது மூட்டையை அவள் தூக்கத் திணறியபோது மறுமுனையை யாரோ பிடித்தார்கள். சைதூன்.

"தனியாத் தூக்கி இடுப்ப ஒடிச்சுக்கிறாத. பிடி" என்றாள். "எம்மவனுக்கும் இன்னிக்கு இல்லைன்னுட்டாக."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பெண்கள் இரண்டிரண்டு பேராக உள்ளே போனார்கள். அடுத்த அறையின் பூட்டும் உடைந்தது. அவர்களில் பாதிப் பேர் அந்த மூட்டைகளைத் தைத்தவர்கள். கீழடுக்கில் அழுகிய வெங்காயத்திலிருந்து நீர் வடிந்து புடவையெல்லாம் நாறியது. எலிகள் குறுக்கே ஓடின. ஒருத்தி கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே தூக்கினாள். பிள்ளைகள் காதில் விழுமே என்று யாரும் அவளை அடக்கவில்லை.

தெருவில் மூட்டைகள் குவிந்தபோது சிறுமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வந்தது. பழனிக்குமார் பைக்கில் வந்து சேர்ந்தார். பின்னாலேயே டெம்போவில் தங்கமுத்து.

"எவடி பூட்ட ஒடச்சது? மழ வருது. ஒரு மூட்ட நனைஞ்சாலும் ஒருத்தியயும் விட மாட்டேன். கொண்டுபோய் உள்ள வைங்க."

யாரும் அசையவில்லை. ராமுத்தாய் அவர் எதிரில் போய் நின்றாள். மூச்சு இரைத்தது. "நீங்க வைங்கண்ணே. நாங்க தூக்கித்தான வந்தோம். நீங்களும் தூக்கிப் பாருங்க."

முதல் தூறல் விழுந்தது. பழனிக்குமார் தங்கமுத்துவைப் பார்த்துக் கத்தினார். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? ஏத்து."

தங்கமுத்து இறங்கினான். மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. கண் சிவந்து கிடந்தது, அழுகையால் இல்லை. கேட்டோரம் நின்ற மகளையும் பார்த்தான். பிறகு மூட்டைகளை டெம்போவில் ஏற்றத் தொடங்கினான். ராமுத்தாய்க்கு அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நிறைய ஏற்றி முடித்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அவன் பழனிக்குமாரிடம் கேட்டான்.

"எங்க எறக்கட்டும்?"

"பள்ளிக்கூடத்துலதான். வேற எங்க?"

"அங்க வேணாம்ணே. எம்மவ அங்க உக்காரணும். வேற எடம் சொல்லுங்க."

மழை வலுத்தது. தார்ப்பாய் இல்லாத மூட்டைகள் தெருவில் நனைந்துகொண்டிருந்தன. பழனிக்குமார் டெம்போவைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு மழையில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"வீட்டு மாடிக்குக் கொண்டு போ" என்றார். "வண்டிச் சாவிய அங்கயே வச்சிட்டுப் போயிரு. நாளைலருந்து வர வேணாம்."

"சரிண்ணே" என்றான் தங்கமுத்து.

மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்தார். பூட்டை உடைத்துச் சரக்கை நாசம் செய்ததாகப் புகார். ராமுத்தாயை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். அவள் ஈரப் புடவையோடு அப்படியே கிளம்பினாள். அப்போது ஐரின் டீச்சர் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். மாஸ்க்கை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார்.

"சார், இது அரசாங்கப் பள்ளிக்கூடம். இந்தக் கதவுல தனி ஆளு பூட்டு எப்படி வந்துச்சுன்னு மொதல்ல கேளுங்க. சாவி குடுத்தது நான். அதையும் எழுதிக்கங்க. நானும் ஸ்டேஷனுக்கு வாரேன்."

போலீஸ்காரர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். யாரிடமோ போனில் பேசினார். புகார் கொடுத்தவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, ராமுத்தாயைக் கூட்டிப் போகாமலே கிளம்பினார். பழனிக்குமார் ஸ்டேஷன் பக்கம் போகவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

தீபாவளி விடுமுறையில் பெண்கள் இரண்டு அறைகளையும் கழுவி, ஜன்னல்களைத் திறந்து போட்டு, சுண்ணாம்பு அடித்தார்கள். ஐரின் டீச்சரும் வந்து கழுவினார். ராமுத்தாய் அவரோடு பேசவில்லை. விடுமுறை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் வரலாம் என்றார்கள். தங்கமுத்துவுக்குக் கொடைரோட்டில் ஒரு லோடு வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. ராமுத்தாய் பூப்பறிக்கப் போனாள். ஊரில் அவளை 'கடப்பாரை' என்று சிலர் சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் கோபம் போகவில்லை. ஒரு சாயங்காலம் தமிழ்மதி புத்தகப் பையை மூலையில் ஒளித்து வைப்பதைப் பார்த்துவிட்டாள். திறந்தால் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்.

"இதுலருந்து ஆரம்பிக்கச் சொன்னாக" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி. "கிளாஸ்ல பாதிப் பேருக்கு இதுதான். ஆனா நேரம் இல்லையாம். ஆறாம் வகுப்புப் பாடத்தையும் முடிக்கணுமாம்."

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு ராமுத்தாய் போனாள். ஐரின் டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், புள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டித் தரணும். பள்ளிக்கூடம் விட்ட பொறகு. தெனம்."

"செய்யணும்தான், ராமுத்தாயி. நாலரை பஸ்ஸ விட்டா எனக்கு அடுத்தது ஆறு மணிக்குத்தான். வீட்ல மாமியாரு தனியா இருக்காக."

"தெரியும்."

"ஞாயித்துக்கெழம வேணா வந்து..."

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவீங்க. தெனம் வேணும் டீச்சர். ரெண்டு வருசம் போயிருச்சு. நீங்களும் சாவியக் குடுத்தீங்க, நானும் அந்த ரூமுலயே உக்காந்து அரிஞ்சேன். ஆறு மணி பஸ்ஸுல போங்க."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. ஐரின் சாலைப் பக்கம் பார்த்தார். நாலரை பஸ் சாலை வளைவில் ஹாரன் அடித்தது. பைக்குள்ளிருந்து போனை எடுத்து, வீட்டுக்கு வர நேரமாகும் என்று யாரிடமோ சொன்னார். பிறகு உள்ளே திரும்பி, "தமிழ்மதி, எல்லாரையும் கூப்பிடு. ஆளுக்கு ஒரு பெஞ்சு தள்ளி உக்காருங்க" என்றார்.

ராமுத்தாய் அங்கேயே நின்றாள். பஸ் நின்று, டீச்சரை ஏற்றாமல் கிளம்பிப் போகும்வரை அவள் நகரவில்லை.